தோள் உயரத்துக்கு இரண்டு கை

இசக்கிபாண்டி என் கடைக்கு முதன்முதலாக வந்தது விளையாடுவதற்கு அல்ல, தூங்குவதற்கு. இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் கேமிங் சென்டர். நைட் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு படியேறி வந்தவன், கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

"அண்ணே, ஏசி ஓடுதாண்ணே?"

ஓடுகிறது என்றேன். "அப்பம் ஒரு மணி நேரத்துக்கு என்னமாச்சும் போட்டு உடுங்க" என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்தான். கார் ஸ்டார்ட் ஆவதற்குள் குறட்டை வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சேரப்பணஞ்சேரியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறையில் அவனோடு சேர்த்து ஆறு பேர் இருக்கிறார்கள் என்று. இரவு வேலைக்குப் போய் வந்தவன் பகலில் அங்கே படுப்பதும் இட்லிக் குண்டானுக்குள் படுப்பதும் ஒன்றுதான். நான் எழுப்பவில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரன், பெயர் வைகுந்த். அப்பா கோயில் கைங்கரியம். "பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் "கம்ப்யூட்டர் சம்பந்தமா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். பதினைந்து வருடமாக ரேலி விளையாட்டு விளையாடுகிறேன். இந்தத் தாலுகாவில் அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு கர்வம் இருந்தது. ஏசிக்காக வந்த இந்தத் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன் மூன்றே மாதத்தில் அதை ஒழித்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரேலி என்றால் பத்துக் கார் முட்டிமோதிக்கொண்டு வட்டமடிப்பதில்லை. காட்டுப் பாதை, மண் ரோடு, ஒரே ஒரு கார், எதிரி கடிகாரம். ஓட்டுபவன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்து வரும் வளைவுகளைக் குறிப்பேட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வர வேண்டும். வளைவுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை எண். ஒன்று என்றால் திருகி ஒடிக்கிற வளைவு, ஆறு என்றால் காலை எடுக்காமல் போகலாம். ஓட்டுபவன் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுத் திருப்பிவிட வேண்டும். அந்த விளையாட்டின் முதல் பாகத்தில் திரையின் மேல் அம்புக்குறி வரும், அதனால் படிப்பறிவு, மொழி எதுவும் வேண்டாம். பாண்டி அம்புகளைப் பார்த்தே ஓட்டினான்.

அவன் வேலை ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில். பெயர் வேண்டாம். தகட்டை வைக்க வேண்டும், இரண்டு பட்டனையும் அழுத்த வேண்டும், மேலிருந்து எந்திரம் இறங்கிக் கதவுச் சட்டமாக அமுக்கும், எடுத்துவிட்டு அடுத்த தகடு. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் தகடு. சேர்ந்தது டிரெய்னியாக, இரண்டு வருட ஒப்பந்தம். அவன் ஐடிஐ முடித்தவன். இரண்டு வருடத்தில் அவன் கற்றுக்கொள்ள அந்த வேலையில் என்ன இருந்தது என்று கேட்டால், முதல் நாள் மத்தியானம் வரைக்குமான சரக்கு இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை நான் எல்லப்பனின் டீக்கடையில் பார்த்தேன். கடைக்குக் கீழே நானும் பாண்டியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு டிரெய்லர் லாரி பீப் பீப் என்று கத்திக்கொண்டு ரிவர்ஸில் வந்தது. அவ்வளவுதான், பாண்டியின் இரண்டு கையும் தோள் உயரத்துக்குப் போய்விட்டன, உள்ளங்கை வெளியே தெரிய. கிளாஸ் கீழே விழுந்து என் வேட்டியெல்லாம் டீ.

"இன்னா சார் இது, உன் ஆளு கிளாச போட்டுட்டு சரண்டர் ஆவுறான்?" என்றான் எல்லப்பன். "போலீஸ் கீலீஸ் தேடிக்கினு கீதா?"

பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிரஸ்ல இதே மாதிரி ஹூட்டர் அடிச்சா ரெண்டு கையையும் இப்பிடித் தூக்கிரணும்ணே. மெசின் நிக்கிற வரைக்கும் எறக்கக் கூடாது. நான் சேந்த புதுசுல பக்கத்து லைன்ல ஒருத்தன் நாலு வெரல விட்டுட்டான். அதுலேருந்து தெனமும் டிரில்லு. யோசிச்சுத் தூக்குனா லேட்டு, யோசிக்காமத் தூக்கணும்னு சொல்லுதாவ. தூக்காதவன லைன விட்டு எறக்கிருவாவ."

அந்த மாதம் அவன் போட்டோவைத் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். இரண்டு கையையும் தூக்கியபடி நிற்கிறான், கீழே 'இம்மாதப் பாதுகாப்பு வீரர்' என்று பட்டம். போனில் படம் எடுத்து வந்து காட்டினான். நானும் எல்லப்பனும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கு என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருடம் விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். மண்ணை அப்படி ஒரு மண்ணாகச் செய்திருந்தார்கள். சரளைக்கும் செம்மண்ணுக்கும் ஈர மண்ணுக்கும் ஸ்டியரிங் வேறு வேறு விதமாகக் கையில் உதறும். முன்னால் போன கார் பறித்த தடத்தில் மழைத் தண்ணீர் நிற்கும், அதில் சக்கரம் இறங்கினால் உள்ளே இழுக்கும். பாண்டி முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, முன்பக்கம் எடது டயரு தேஞ்சிருச்சு."

பார்த்தேன், தேய்ந்திருந்தது. திரையில் எதுவும் காட்டவில்லை, கையிலேயே சொல்லிவிட்டான். தகட்டின் ஓரத்தைத் தொட்டே பிசிறு கண்டுபிடிக்கிற விரல் அது. பதினைந்து வருடத்தில் எனக்கு அது வந்ததில்லை. எனக்கு எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இனித் திட்டு. முதல் பாகத்தில் ஒருவன் மாதக்கணக்கில் ஓட்டிச் சம்பாதித்த கார்கள் எதுவும் இரண்டாம் பாகத்துக்கு வராது. அங்கே நீ மகாராஜாவாக இருந்திருக்கலாம், இங்கே ஓட்டை வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும். பாதி வழியில் இணைப்பு அறுந்தால் ஓட்டிய நேரமெல்லாம் போச்சு. பழைய பாதையையே திருப்பிப் போட்டுப் புதுப் பாதை என்று விற்றிருந்தார்கள். போட்டிகளில் அம்புக்குறியை எடுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரன் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் படிப்பான், அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டு என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் குரல், எஞ்சின் சத்தம், வண்டியில் அடிபட்டால் அடிக்கிற எச்சரிக்கை மணி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒலிப் பொத்தான். ஒன்றை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். இத்தனை மண்ணைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பொத்தான் வைக்கத் தெரியவில்லை.

"அந்தாளு என்ன சொல்லுதாருன்னே வெளங்கலண்ணே" என்று பாண்டி இரண்டு வாரம் பாதை தவறிப் புல்வெளியில் இறங்கி நின்றுகொண்டே இருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மாரிசெல்வி அவனுடைய மாமா மகள். செல்போன் தொழிற்சாலையில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கல், ஞாயிறு மட்டும் மாலை ஆறு வரை வெளியே விடுவார்கள். இருவருக்கும் பேசி வைத்திருந்தது. ஆனால் அவள் அப்பா, பையன் பெயர் கம்பெனி ரோலில் நிரந்தரமாக ஏறினால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன பிரச்சினை என்று கேட்டாள். சொன்னேன்.

"இவ்வளவுதானா? வாயடைக்கிற பொத்தான அமுக்குங்கண்ணே. நான் எழுதிப் படிக்கேன்."

உண்மையான ரேலியில் செய்வதும் அதுதான். போட்டிக்கு முன்னால் பாதையில் மெதுவாகப் போய் அவரவர் குறிப்பை அவரவரே எழுதிக்கொள்வார்கள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. பாண்டி ஆமை வேகத்தில் ஓட்ட, அவள் ஒரு நீள நோட்டில் எழுதினாள். தினமும் ஒன்பது மணி நேரம் கண்ணாடித் திரையில் தூசு தேடுகிறவள், நாங்கள் யாரும் பார்க்காத கல்லையெல்லாம் பார்த்தாள். ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, ஊமைப் படம் மாதிரி ஓடுகிற திரைக்கு முன்னால் அவள் குரல் மட்டும் கேட்கும்.

"வலது நாலு, உள்ள போவாத, கல்லு கெடக்கு. நேரே எம்பது. மேடு, வண்டி தூக்கும். எறங்குன ஒடனே எடது மூணு. மச்சான், எறங்குன ஒடனே!"

"கேக்கு புள்ள, கத்தாத."

பிப்ரவரியில் ஒரு அறிவிப்பு வந்தது. ஒரகடம் பக்கம் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு நிறுவனம், கட்டடத்துக்குள்ளேயே ஸ்டியரிங் வைத்துக் கணினியில் ஓட்டிச் சோதிக்க ஆட்களைத் தேடியது. கை நிதானம் உள்ளவர்கள் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. இந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்திலேயே போட்டி. முதலில் வருபவருக்கு வேலை. ஒப்பந்தக்காரர் மூலமாக இல்லை, டிரெய்னி இல்லை, நேரடியாகக் கம்பெனி ரோல். பாண்டிக்கு மார்ச் கடைசியோடு இரண்டு வருடம் முடிகிறது. அவனோடு சேர்ந்த நாற்பது பேரில் யாரையும் நிரந்தரமாக்கப்போவதில்லை என்று அதற்குள் பேச்சு வந்துவிட்டது. அவன் அறிவிப்பை நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். நேரடியாக என்ற வார்த்தை வரும்போதெல்லாம் தலையாட்டினான்.

ஆன்லைன் சுற்றில் இரண்டாவதாக வந்தான். இறுதிச் சுற்று தண்டலத்தில் ஒரு கல்லூரி அரங்கத்தில். ஆறு பேர், ஒருவர்பின் ஒருவராக, ஒரே பாதை, ஒரே முறை. பக்கத்தில் குறிப்புப் படிக்க ஆள் வைத்துக்கொள்ளலாம். விதிகளை எனக்குத்தான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். பதினோராவது விதி: பார்வையாளர்களுக்காக விளையாட்டின் ஒலி முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

படித்தேன். வெள்ளைக்காரன் குரல்தான் தொந்தரவு என்று நினைத்தேன். இரண்டு நாள் ஒலியைத் திறந்து வைத்துப் பயிற்சி கொடுத்தேன். மாரிசெல்வி அவனைவிட உரக்கப் படித்தாள், பிரச்சினை தீர்ந்தது. அந்த இரண்டு நாளும் பாண்டி ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான். கீறல் இல்லாததால் எச்சரிக்கை மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. எனக்கு அந்த மணி தெரியும். இரண்டாம் பாகத்தில்தான் புதிதாக வைத்திருந்தார்கள், மோதி மோதி எத்தனை தடவை கேட்டிருப்பேன். எல்லப்பன் கடையில் டீ என் வேட்டியில்தான் கொட்டியது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. பாண்டி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். மாரிசெல்வி ஹாஸ்டல் வார்டனிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். ஆறு பேரில் அவன் முறை கடைசி. அதுவரைக்கும் முதலிடத்தில் இருந்தவன் அந்தக் கல்லூரியிலேயே படிக்கிற பையன், வீட்டிலேயே இதே ஸ்டியரிங் வைத்திருக்கிறவன்.

முதல் கால்வாசியில் பாண்டி அந்தப் பையனைவிட ஒரு வினாடி முன்னால். பாதியில் மூன்று. அந்த வெள்ளைக்காரனின் குரலையும் எஞ்சின் இரைச்சலையும் தாண்டி மாரிசெல்வியின் குரல் கணீரென்று வந்தது. நிறுவனத்திலிருந்து வந்திருந்த வெங்கடேசன் என்ற அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே வந்து, பாண்டியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசியில் நான்கு வினாடி முன்னால். நான் மனதுக்குள் அவன் கல்யாணத்துக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"மேடு, வண்டி தூக்கும். எறங்குன ஒடனே எடது மூணு!"

வண்டி தூக்கியது. இறங்கும்போது முன்பக்கம் கொஞ்சம் பலமாக உட்கார்ந்தது. ரேடியேட்டரில் சின்ன அடி. அதோடு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடலாம், யாராக இருந்தாலும் சட்டை செய்யாமல் போவார்கள். ஆனால் மணி அடித்தது. அரங்கத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் பீப் பீப் பீப் என்று.

பாண்டியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, தோள் உயரத்துக்குப் போய், உள்ளங்கை வெளியே தெரிய நின்றன. நேர்த்தியாக, போட்டோவில் நின்ற மாதிரியே. கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "எடது மூணு! மச்சான், எடது!" என்று மாரிசெல்வி அலறினாள். அவனுக்கும் கேட்டிருக்கும். எந்திரம் நிற்கிற வரைக்கும் இறக்கக் கூடாதே. கார் மரத்தில் மோதி நின்றது. அதற்குப் பிறகுதான் கையை இறக்கினான்.

பின்வரிசையில் சில மாணவர்கள் சிரித்தார்கள். சரணடைந்துவிட்டான் என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லப்பன் சொன்னதும் அதைத்தான், அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நான் வெங்கடேசனிடம் ஓடினேன். பிரஸ் ஷாப், ஹூட்டர், டிரில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"புரியுது சார். கை நல்ல கை, நானே பார்த்தேன். ஆனா எங்க ரூம்ல நாள் பூரா ஏதாவது ஒரு அலாரம் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஸ்டியரிங்கை விடுற ஆளை வச்சு நான் எப்படி டெஸ்ட் பண்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. திட்டுவதற்கு ஒரு அயோக்கியனாவது கிடைத்திருக்கலாம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மாரிசெல்வி நோட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "நான் மணி அடிக்கும்னு எழுதியிருக்கணும்" என்றாள். பாண்டி அவளைப் பார்த்து, "நீ சரியாத்தான் படிச்ச புள்ள. இந்தக் கையத்தான் அவிய வாங்கி வச்சிருக்காவ" என்றான்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நாற்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு சான்றிதழும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை பார்த்ததாக பாண்டிக்குத் தனியாக ஒரு பாராட்டுக் கடிதம். அந்தக் கடிதத்தோடு பக்கத்து நிறுவனத்துக்குப் போனான். அதே பிரஸ், அதே தகடு, மறுபடியும் டிரெய்னி, மறுபடியும் இரண்டு வருடம். பழைய அனுபவம் கணக்கில் வராதாம். "முதல் பாகத்துக் காரு ரெண்டாம் பாகத்துக்கு வராதுல்லாண்ணே, அது மாதிரிதான்" என்று போனில் சொன்னான். மாமா வேறு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பதையும் அதே குரலில் சொன்னான்.

போட்டி முடிந்து ஏழாவது வாரம் விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்தது. குரல், எஞ்சின், எச்சரிக்கை மணி மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான். பயனர்களின் வேண்டுகோளை ஏற்று என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து கெட்ட வார்த்தை சொன்னேன். அப்பா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிறு பாண்டியையும் மாரிசெல்வியையும் வரச் சொன்னேன். இன்னொரு போட்டி வரலாம், இந்த முறை மணியை அணைத்துவிடலாம் என்று ஆசை. மணியை நிறுத்தினேன், அவனுக்கும் காட்டினேன். அதே பாதையைப் போட்டேன். மாரிசெல்வி நோட்டைப் பிரித்தாள். பாண்டி பழையபடியே ஓட்டினான்.

"மேடு, வண்டி தூக்கும். எறங்குன ஒடனே எடது மூணு."

வண்டி இறங்கியது, முன்பக்கம் பட்டது. மணி அடிக்கவில்லை. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, அரங்கத்தில் மணியோடு சேர்ந்து எரிந்த அதே விளக்கு. ஒலியை நிறுத்தி ஓட்டிய காலத்தில் அந்த விளக்கு நூறு தடவை எரிந்திருக்கும், அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு கையும் தோள் உயரத்துக்குப் போய்விட்டன.

கார் மோதி நின்ற பிறகும் இறக்கவில்லை. தன் கைகளை மாறி மாறிப் பார்த்தான். "சத்தமே வரலியேண்ணே" என்றான். மாரிசெல்வி நோட்டை மூடிவிட்டு, எட்டி அவன் இரண்டு கையையும் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி அவன் மடியில் வைத்தாள். ஆறு வரை நேரம் இருந்தது, அப்போது மூன்றுகூட ஆகவில்லை, ஆனாலும் ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துகொண்டாள்.